அலுமாரிக்குக் கீழே இருந்த மஞ்சள்

1

போன மாதம் ஈஸ்டர் விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை. காலையில் வேலை தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியிருக்காது, செலாம் ஓடி வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். செலாம் எரித்திரியாவிலிருந்து வந்த பெண். ஜேர்மனியில் நான் வேலை செய்கிற துப்புரவுக் கம்பனியில் அவள் சேர்ந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரு பள்ளிக்கூடம் பொறுப்பு. பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துத் தரை தேய்ப்பதற்காக நூலக அறையில் ஒரு புத்தக அலுமாரியை நகர்த்தியிருக்கிறாள். அலுமாரி நின்ற இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. சுற்றிவர நல்ல சாம்பல் நிறத் தரை.

"நான் ஒன்றும் ஊற்றவில்லை," என்றாள். அவளுடைய டொச், ஜேர்மன் மொழி, என்னுடையதைவிட மோசம்.

"தெரியும்," என்றேன். யன்னல் மறைப்பை மேலே இழுத்துவிட்டேன். "இதைத் தொடாதே. வெளிச்சம் படட்டும். வெள்ளிக்கிழமை வந்து பார்."

அவள் நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் இடைவேளைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மஞ்சள் போய்விட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது, அதை ஒளிக்க விரும்பவில்லை. போன வருடம் இதேபோல யாராவது ஒருவன் எனக்காக ஒரு யன்னல் மறைப்பை இழுத்துவிட்டிருந்தால், என் மகள் இன்றைக்கு என்னோடு இருந்திருப்பாள்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டின் பனியையும் ரயிலையும் ஒழுங்கையும் பற்றி எழுதப் பலபேர் இருக்கிறார்கள். அதெல்லாம் வேண்டுமென்றால் அவர்களிடம் வாசியுங்கள்.

2

இந்தத் தரைக்கு லினோலியம் என்று பெயர். எங்கள் ஊர் உடப்பில் சொன்னால் "காபட்டா?" என்று கேட்பார்கள். சிலாபம் கடைகளில் சுருட்டி நிமிர்த்தி வைத்திருப்பார்களே, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, கலியாண வீட்டுக்கு முதல்நாள் அவசரத்தில் வாங்கி விரிப்பது, அதற்கு நாங்கள் வைத்த பெயர் காபட். லினோலியம் அது இல்லை. ஆளிவிதை எண்ணெயையும் மரத்தூளையும் கலந்து சணல் துணியில் அழுத்திச் செய்வது. எண்ணெயில் பிறந்த சாமான் என்பதால் அதற்கு ரோசம் அதிகம். காரம் கூடின மருந்து பட்டால் பழுப்பாகிவிடும். தண்ணீர் தேங்கினால் மூட்டுகள் ஊதிக் கிளம்பிவிடும். வாளி வாளியாக ஊற்றிக் கழுவினால்தான் வீடு சுத்தம் என்று வளர்ந்த எனக்கு, பிழிந்த துணியால் துடைத்துவிட்டு "சுத்தம்" என்று சொல்லப் பழக ஒரு வருடம் பிடித்தது.

வருடத்தில் ஒருதடவை, கோடை விடுமுறையில், பெரிய வேலை. அறையில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். பழைய பொலிஷைக் கரைக்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து தரையில் விரித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, காய்ந்துபோக முன்னர் மெஷினால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, இரண்டு தரம் நல்ல தண்ணீரால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு புதுப் பொலிஷ். முதல் பூச்சு நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில், மெல்லிசாக. பொறுமை இல்லாதவன் தடிப்பாகப் பூசுவான், அது இரண்டு மாதத்தில் உரிந்துவிடும்.

ஊரில் என் வீட்டுத் தரை சிவப்புச் சீமெந்து. தீமிதித் திருவிழாவுக்கு முதல் கிழமை என் மனைவி செல்வி சிவப்புப் பொலிஷ் பூசி, பாதித் தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்து அழுத்தி, மற்றக் காலில் நின்று தேய்ப்பாள். நான் கதிரையில் இருந்தபடி காலை மட்டும் தூக்கிக் கொடுப்பேன். தரைக்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது ஒரு பள்ளிக்கூடம் முழுக்கத் தேய்க்கிறேன் என்று செல்வி போனில் சொல்லிச் சிரிப்பாள்.

என்ன வேலை என்று ஊரில் கேட்டவர்களுக்கு "பள்ளிக்கூடத்தில வேலை" என்று சொன்னேன். அது பொய் இல்லை. மாமியார் அதைக் கோயிலடிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நான் மாஸ்டர் ஆகிவிட்டேன். ஒரு தூரத்துச் சொந்தக்காரர் தன் மகனுக்கு என் பள்ளிக்கூடத்தில் இடம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டு எழுதினார். நான் மறுத்ததைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொண்டு இன்றுவரை அவர் என்னோடு கதைப்பதில்லை.

உண்மை தெரிந்தவர்கள் செல்வியும் மகள் தர்சிகாவும் மட்டும். தர்சி சின்னவளாக இருந்தபோது பொலிஷ் பூசின நடைபாதையைப் போனில் காட்டுவேன். "அப்பா, முகம் தெரியுது," என்பாள். பதினாலு வயதில் ஒருநாள், "இப்ப காட்ட வேணாம்பா, பிள்ளையள் வந்திருக்காங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிவிட்டாள். அவள் மேல் கோபம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் காட்டவும் இல்லை.

3

நான் வந்தது யுத்தம் முடிந்த அடுத்த வருடம். யுத்தம் முடிந்த பிறகு ஏன் ஓடினாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான் உண்டு: யுத்தம் முடிந்தது, என்னைத் தேடுவது முடியவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் வருடத்தில் பாதி முல்லைத்தீவுப் பக்கம் போய், கடற்கரையில் வாடி போட்டுத் தங்கிக் கரைவலை இழுத்துவிட்டு வருகிறவர்கள். சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில் நானும் மூன்று பருவம் போனேன். அங்கே யாருக்கு மீன் விற்றாய், யாரோடு கதைத்தாய் என்று கேட்டு இரண்டு தடவை பொலிஸ்காரர் என்னைக் கூட்டிப்போனார்கள். மூன்றாவது தடவை வீட்டுக்குத் தேடி வந்தபோது நான் முந்தலில் இறால் பண்ணையில் வேலையில் இருந்தேன். வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே கிளம்பினேன். தர்சிக்கு அப்போது நாலு வயது.

இங்கே அகதி விசாரணை நடந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், மரியாதையான மனிதர். "நாங்க எல்லாரும் வாடியிலதான் இருந்தம்," என்று நான் சொன்னதும் பேனாவை நிறுத்தினார்.

"யாரை வாடின்னு கூப்பிட்டீங்க?" என்றார்.

மீனவர் தங்குகிற ஓலைக் கொட்டில்தான் வாடி என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். பிறகு இலங்கை வரைபடத்தை விரித்து, மேற்குக் கரையில் விரலை வைத்தார். எங்கள் ஊர் இருக்கிற புத்தளம் மாவட்டம். "இங்கே சண்டை நடந்ததாக எங்களிடம் பதிவு இல்லையே," என்றார். சண்டை நடந்த இடத்தில் பிறந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும் என்று நான் நினைத்த நாள் அது. அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். அந்தப் பதிவு இல்லாத குறையைச் சரிப்படுத்த ஒரு சட்டத்தரணிக்கும் எனக்கும் பதின்மூன்று வருடம் போனது.

பெயர் விஷயம் வேறு. என் அப்பாவின் பெயர் கதிர்காமன். இங்கே அதைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். "ஹெர் கதிர்காமன்" என்று கூப்பிட்டால் நான் எழும்ப வேண்டும். என் அப்பா கடலைத் தவிர வேறு எந்த அதிகாரிக்கும் எழும்பாத ஆள்.

4

இங்கே தங்க அனுமதி கிடைத்ததும் மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம் என்றார்கள். சந்தோசப்பட்டு முடிவதற்குள் பட்டியல் வந்தது. பிள்ளைக்கென ஒரு அறை உள்ள வீடு வேண்டும். எடுத்தேன். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு வாங்கிப் போட்டேன். நிரந்தர வேலை ஒப்பந்தம் வேண்டும். என்னிடம் இருந்தது ஆறு மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அது இல்லாமல் கோப்பை எடுக்கவே மாட்டோம் என்றாள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். கடைசி வரி இப்படி இருந்தது: விண்ணப்பம் கையளிக்கப்படும் நாளில் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கக் கூடாது.

தர்சிக்கு ஒக்ரோபரில் பதினெட்டு. இது நடந்தது போன வருடத் தொடக்கத்தில்.

கம்பனியில் எங்கள் பகுதிக்கு மேற்பார்வை ஃபிறாவ் கெல்லர் என்ற அம்மா. நிலைமையைச் சொன்னேன். என் வேலையில் குறை இல்லை, கோடைப் பெரிய வேலை முடிந்ததும் ஓகஸ்ட் கடைசியில் நிரந்தர ஒப்பந்தம் எழுதலாம் என்றாள். ஓகஸ்டுக்கும் ஒக்ரோபருக்கும் இடையில் ஐந்து கிழமை இருக்கிறது, போதும் என்று கணக்குப் போட்டேன்.

ஊரில் தர்சி டொச் படிக்கத் தொடங்கினாள். சனிக்கிழமை தோறும் உடப்பிலிருந்து பஸ் பிடித்துச் சிலாபத்தில் ஒரு சிங்கள மிஸ்ஸிடம் போனாள். அந்த வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் சிங்களப் பிள்ளைகள். மிஸ் சிங்களத்தில் விளங்கப்படுத்த, இவள் அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வந்து, இரவுச் சமையல் நேரத்தில் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தாள். மனைவிமாருக்கும் மொழிப் பரீட்சை உண்டு. "அம்மா உப்பையும் சீனியையும் டொச்சில மாத்திப் போட்டுட்டாங்கப்பா," என்று போனில் சொல்லுவாள். அந்த ஆறு மாதமும் நாங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருந்த மாதிரித்தான் எனக்கு இருந்தது.

5

ஜூலை கடைசி. கடுமையான வெக்கை. சூடு உள்ளே வராமல் இருக்க ஆசிரியர் அறையின் யன்னல் மறைப்புகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். அப்போது என்னோடு வேலை செய்த நியாஸ் நானா ஊருக்கு விடுமுறையில் போயிருந்தார். நானா என்றால் அண்ணன்; மன்னாரில் பிறந்து, தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்துத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் கரைத்தீவு முகாமில் வளர்ந்த ஆள். இந்தத் தரைகளோடு இருபது வருடம் பழகியவர். அவர் இல்லாததால் நான் தனியாகத்தான் அந்த அறையின் பெரிய அலுமாரியை வெளியே உருட்டினேன். கீழே மஞ்சள்.

முதலில் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. பின்னால் வந்து நின்ற பள்ளிக்கூடக் காவலாளி, புதிதாக வந்தவன், போனை எடுத்துப் படம் பிடித்தான். ஒரு மணித்தியாலத்தில் ஃபிறாவ் கெல்லர் வந்துவிட்டாள்.

எங்களிடம் இரண்டு வகை மருந்து உண்டு. சிவப்பு மூடிப் போத்தல் காரம் கூடியது, உடை மாற்றுகிற அறைகளின் பிளாஸ்டிக் தரைக்கு. பச்சை மூடிப் போத்தல் லினோலியத்துக்கு. நான் சிவப்பு மருந்தை இங்கே ஊற்றி, அது அலுமாரிக்குக் கீழே ஓடித் தேங்கி நின்று தரையை எரித்துவிட்டது என்பது அவர்களுடைய எண்ணம். மஞ்சள் நாலு மூலையும் அளந்து வைத்ததுபோல் இருந்தது. மருந்து ஓடினால் இப்படிச் சதுரமாகவா ஓடும்? அந்தக் கேள்வி எனக்கும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயம் வந்தால் மூளை வேலை செய்யாது.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஒரு படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"நீங்கள் சிவப்புப் போத்தலை இந்த அறைக்குக் கொண்டுவரவில்லையா?"

"யா," என்றேன்.

"பச்சைப் போத்தலோடு அது மாறிப்போகவில்லையா?"

"யா."

"அலுமாரிக்குக் கீழே தண்ணீர் தேங்கவில்லையா?"

"யா, யா," என்றேன், தலையையும் ஆட்டி.

யா என்றால் ஓம். ஊரில் ஒருவன், "நேத்து நீ கடலுக்குப் போகயில்லையா?" என்று கேட்டால் என்ன சொல்லுவோம்? "ஓம், போகயில்ல." கேட்டவன் சொன்னது சரி என்பதற்கு ஓம். அதைத்தான் நான் சொன்னேன். ஓமுக்குப் பின்னால் வரவேண்டிய மீதி வசனம் டொச்சில் எனக்கு உடனே வரவில்லை, அதனால் யாவோடு நின்றுவிட்டேன். கொண்டுவரவில்லை, மாறவில்லை, தேங்கவில்லை. நான் சொல்ல நினைத்த மூன்றையும் அவளே கேள்வியாகக் கேட்கிறாளே, என் பக்கம் நின்று கேட்கிறாளே என்று மனதுக்குள் அவளைக் கும்பிட்டேன்.

டொச்சில் யா என்றால் கொண்டுவந்தேன், மாறியது, தேங்கியது. அப்படித்தான் அவள் காதில் விழுந்திருக்கிறது. எழுதினாள். வேகமாக வாசித்துக் காட்டினாள். பேனாவை நீட்டினாள். அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை தொடங்குகிறது, அவசரம். நான் என் அப்பாவின் பெயரில் கையெழுத்து வைத்துவிட்டு, "மிக்க நன்றி," என்றும் சொன்னேன்.

பதினான்கு வருடம் அங்கே இருந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் வேலைக்குப் போவது பிள்ளைகள் வருவதற்கு முன்னர், அல்லது போன பிறகு. ஒரு நாளில் நான் கேட்கிற டொச் காலை வணக்கம், மாலை வணக்கம். தரை என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

6

எச்சரிக்கைக் கடிதம் பத்து நாளில் வந்தது. கவனக்குறைவால் தரைக்குச் சேதம், தொழிலாளி தானே ஒப்புக்கொண்டார், எச்சரிக்கை உள்ளவருக்கு நிரந்தர ஒப்பந்தம் கொடுக்கிற வழக்கம் கம்பனிக்கு இல்லை, இன்னும் ஆறு மாதத்துக்குத் தற்காலிக ஒப்பந்தம் நீடிக்கப்படும். கடிதத்தை அகராதியோடு மூன்று தரம் வாசித்தேன். தானே ஒப்புக்கொண்டார் என்ற இடத்தில் ஒவ்வொரு தரமும் நின்றேன். நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?

அதை விளங்கப்படுத்தியவள் தர்சி. ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அப்பா, அந்தக் கேள்விக்கு நைன், இல்ல எண்டு சொல்லணும். யா சொன்னா அங்க மாறிப் போயிடும்."

"அப்ப ஓம் எண்டதுக்கு அவங்களிட்ட சொல்லே இல்லையா?"

"இல்லாத மாதிரிக் கேட்டா, இருக்கு எண்டு சொல்லத்தான் மூணாவதா ஒரு சொல் வச்சிருக்காங்க. டொஹ் எண்டு. நீங்க சொன்ன யாவ அவ அப்பிடித்தான் எடுத்திருக்கா. மிஸ் ரெண்டாவது பாடத்திலயே சொல்லித் தந்தா." பிறகு அவளே அவசரமாக, "நீங்க வகுப்புக்குப் போகயில்லதானே அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்," என்றாள்.

நான் பதினான்கு வருடத்தில் படிக்காததை அவள் சிலாபத்தில் இரண்டாவது பாடத்தில் படித்திருக்கிறாள். பெருமைப்பட்டிருக்க வேண்டிய இடம். எனக்கு அழுகை வந்தது.

செப்டெம்பர் முதல் கிழமை நியாஸ் நானா விடுமுறை முடிந்து திரும்பினார். இடைவேளையில் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, அது எண்ணெத் தரைடா. வெளிச்சம் படாம மூடி வச்சா மஞ்சளாப் போயிரும். வெளிச்சம் பட்டா தானா வெளுக்கும். மருந்துமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ஏன் எனக்கு ஒரு கோல் எடுக்கல்ல?"

"நீங்க ஊரில நிக்கிறீங்க, உம்மாக்குச் சுகமில்ல எண்டு போன நேரம். அதான்."

"அல்லாஹ்வே," என்று தலையில் கை வைத்தார். "மரியாத பாக்கிற நேரமாடா அது."

இரண்டு பேரும் ஆசிரியர் அறைக்குப் போனோம். கோடை முழுக்க இறங்கிக் கிடந்த மறைப்புகளைப் பள்ளிக்கூடம் தொடங்க அன்று காலைதான் ஏற்றியிருந்தார்கள். அலுமாரியை வேறு சுவரோரம் வைத்திருந்ததால் மஞ்சள் வெளியே கிடந்தது. ஏற்கெனவே கொஞ்சம் மங்கியிருந்தது. நான் ஒவ்வொரு நாளும் படம் எடுத்தேன். ஆறாவது நாள் படத்தில் ஒன்றும் இல்லை.

படங்களோடு ஃபிறாவ் கெல்லரிடம் போனேன். இந்தத் தடவை நானா கூட வந்து கதைத்தார். அவள் படங்களைப் பார்த்தாள். நேரில் வந்து தரையையும் குனிந்து பார்த்தாள். "நல்லது, பிரச்சினை தீர்ந்தது," என்றாள், உண்மையான சந்தோசத்தோடு. கடிதத்தைத் திரும்பப் பெறத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னாள். எழுதினாள், அதில் பொய் இல்லை. தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்ட கையெழுத்து இருக்கிறதே என்று கேட்டு எழுதியது. அவள் விளக்கம் எழுதினாள். அவர்கள் காவலாளியிடம் விளக்கம் கேட்டார்கள். காவலாளிக்குச் சுகயீன விடுமுறை.

இதற்கிடையில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் போனேன். விண்ணப்பத்தை இப்போதே வாங்கி வையுங்கள், ஒப்பந்தம் பின்னால் வரும் என்று கெஞ்சினேன். கெஞ்சுவதற்குத் தேவையான டொச் எனக்கு நன்றாகவே தெரியும். முழுமையில்லாத கோப்பை வாங்க முடியாது என்றார்கள். அந்தப் பெண் என் பக்கமாகக் குனிந்து, "உங்கள் கம்பனியை அவசரப்படுத்துங்கள்," என்று அக்கறையோடு சொன்னாள். யாருமே கெட்டவர்கள் இல்லை. இவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

ஒக்ரோபரில் தர்சிக்குப் பதினெட்டு ஆனது. செல்வி பாற்சோறு பொங்கிப் போனில் காட்டினாள். நான் வாழ்த்துச் சொன்னேன். மூன்று பேரும் நல்லாகச் சிரித்தோம்.

எச்சரிக்கையைத் திரும்பப் பெற்ற கடிதம் மூன்று கிழமை கழித்து வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று போட்டிருந்தார்கள். தை மாதம் நிரந்தர ஒப்பந்தமும் கைக்கு வந்தது. நானா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

7

மனைவியை இன்னும் கூப்பிடலாம். அதற்கு வயதுக் கட்டுப்பாடு இல்லை. பங்குனியில் செல்வி கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினாள். ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகிறவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். படிவத்தில் அவளுடைய பகுதியை நிரப்பி வைத்தேன். பிள்ளைகள் என்ற பகுதியில் ஒரு கோடு இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன்.

செலாமின் தரை வெளுத்த அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு ஊருக்குப் போன் எடுத்தேன். தர்சிதான் போனைத் தூக்கினாள். அவள் இப்போது டொச் வகுப்புக்குப் போவதில்லை. முந்தலில் ஒரு கடையில் கணினியில் பில் போடுகிற வேலை. சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

"அப்பா, நீங்க அம்மாவக் கூப்பிடுங்க," என்றாள். "நான் பெரியம்மா வீட்டில நிப்பன். கதைச்சிட்டன்."

"நீ தனிய எப்பிடிம்மா?"

"பழகுவன். நீங்க இல்லாமப் பழகினன்தானே. அதே மாதிரித்தான் இதுவும்."

அதில் கோபமோ குத்தலோ இல்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். இவ்வளவு நாளும் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. கூட்டிப்போனவர்கள்கூட.

பிறகு போன் கைமாறியது. செல்வியிடம் திகதி பற்றிக் கதைக்க வாயெடுத்தேன்.

"நான் வரயில்ல," என்றாள்.

"பாஸ் பண்ணிட்டியே?"

"அவள் சொல்லித் தந்து பாஸ் பண்ணினன். அவள விட்டுட்டு வாறதுக்கா படிச்சன்?"

"அவளே போகச் சொல்றாள்."

"அவள் சொல்லுவாள். அவள் பழகுவாள். எனக்கு ஏலாது."

"அப்ப நான்?"



"நீங்களும் பழகிட்டீங்கதானே," என்றாள் செல்வி.

பழகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அது பொய்யாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.